வதைபட்டவன் சுட்டால்: நீதிமன்றம் கேட்பதும் ஊர் கேட்பதும்

2001 மார்ச் 5, திங்கள்கிழமை காலை. கலிபோர்னியாவில் சான் டியாகோ நகரை அடுத்த சாண்டீ என்ற புறநகர். அங்குள்ள சான்டானா உயர்நிலைப் பள்ளியின் கழிப்பறையில் 15 வயது மாணவன் ஒருவன் சுடத் தொடங்கினான். கையிலிருந்தது அவனுடைய அப்பா அலமாரியில் பூட்டி வைத்திருந்த .22 ரக ரிவால்வர். மாணவர்கள் இருவர் இறந்தார்கள்; 13 பேர் காயமடைந்தார்கள். போலீஸ் உள்ளே நுழைந்தபோது அவன் எதிர்க்காமல் சரணடைந்தான்.

அவன் உயிரோடு பிடிபட்டதுதான் சாண்டீயின் கதையை வேறாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரும் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஊருக்குத் துக்கம் இருந்தது, குற்றவாளிக் கூண்டில் நிறுத்த ஆள் இல்லை. சாண்டீயில் ஆள் இருந்தான். ஒல்லியான, மீசை அரும்பாத பையன். சிகரெட் லைட்டரால் அவனைச் சுட்டார்கள், ஸ்கேட்போர்டைப் பறித்தார்கள், உடம்பைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று உடன் படித்தவர்களே தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் சொன்னார்கள். சுடப்போவதாக அவன் அந்த வார இறுதியில் நண்பர்களிடம் பேசியிருக்கிறான். கேட்டவர்களில் பெரியவர் ஒருவரும் உண்டு. விளையாட்டுப் பேச்சு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பதினேழு நாள் கழித்து, அதே பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கிரானைட் ஹில்ஸ் பள்ளியில் 18 வயது இளைஞன் சுட்டு ஐந்து பேரைக் காயப்படுத்தினான். அவன் அந்த ஆண்டு அக்டோபரில் சிறையில் தூக்கிட்டுக்கொண்டான். சான்டானா பையனின் வழக்கு 2002 ஜூன் மாதம் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. ஆகஸ்டில் 50 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை. சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, ஜூரி எதுவும் நடக்கவில்லை.

வதைபட்ட பிள்ளை கொலைகாரனாகி உயிரோடு பிடிபடும்போது ஒரு ஊர் என்ன செய்கிறது, சட்டம் என்ன செய்கிறது, இரண்டும் எங்கே ஒன்றையொன்று தவறவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேலி எவ்வளவு தூரம் காரணம்?

அமெரிக்க ரகசியச் சேவைத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் அது எடுத்துக்கொண்டது. 41 பேரும் ஆண்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் தாக்குதலுக்கு முன் தாங்கள் துன்புறுத்தப்பட்டதாகவோ மிரட்டப்பட்டதாகவோ உணர்ந்திருந்தார்கள். சிலர் பட்ட கொடுமை நீண்டது, கடுமையானது. ஒரு வேலையிடத்தில் பெரியவர்களுக்கு நடந்திருந்தால் சட்டப்படியே குற்றமாகியிருக்கும். 2008 முதல் 2017 வரையிலான 41 தாக்குதல்களைப் பார்த்த ரகசியச் சேவைத் துறையின் 2019 ஆய்விலும் பத்தில் எட்டுப் பேர் சக மாணவர்களால் சீண்டப்பட்டவர்கள்.

இதை மட்டும் படிப்பவர் கேலிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் அமெரிக்காவில் 12 முதல் 18 வயதுவரை உள்ள மாணவர்களில் ஐந்தில் ஒருவர் தான் சீண்டப்படுவதாகச் சொல்கிறார். லட்சக்கணக்கான அந்தப் பிள்ளைகள் யாரையும் சுடுவதில்லை. தங்களைத் தாங்களே வருத்திக்கொள்கிறார்கள், பள்ளியை விட்டு நிற்கிறார்கள், பெரும்பாலும் பொறுத்துக் கடந்துபோகிறார்கள். முதல் ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி, பள்ளியில் சுடுகிறவனுக்கென்று பொதுவான அடையாளச் சித்திரம் எதுவும் கிடையாது என்பது. நன்றாகப் படித்தவனும் உண்டு, படிக்காதவனும் உண்டு. நண்பர்கள் சூழ இருந்தவனும் உண்டு.

ஊடகம் கட்டிய கதையையும் பின்னால் வந்தவர்கள் கலைத்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் பழிவாங்கினார்கள் என்று உலகம் நம்பிய கொலம்பைன் கதை பெருமளவு தவறு என்று டேவ் கல்லன் 2009இல் வெளியான தன் நூலில் வாதிட்டார். அதே ஆண்டு உளவியலாளர் பீட்டர் லாங்மன், இப்படிச் சுட்டவர்களை மூன்றாகப் பிரித்தார்: பிறர் வலி உறைக்காத மனம் கொண்டவர்கள், மனநோயால் யதார்த்தத்தை இழந்தவர்கள், வீட்டிலேயே சிதைக்கப்பட்டவர்கள். மூன்று வகையினரும் கேலி செய்யப்பட்டிருக்கலாம். ஆனால் கேலி ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு இடத்தில் போய் விழுகிறது.

சமூகவியலாளர் கேத்தரின் நியூமன் கென்டக்கி, ஆர்கன்சா மாநிலங்களின் இரண்டு ஊர்களில் குழுவோடு தங்கி ஆராய்ந்து 2004இல் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அவர் ஐந்து நிபந்தனைகளைச் சொல்கிறார். தான் ஓரங்கட்டப்பட்டவன் என்ற எண்ணம். அதைப் பெரிதாக்கும் உளச்சிக்கல். ஆண்மை என்றால் வன்முறை என்று காட்டும் பண்பாட்டு முன்மாதிரி. பெரியவர்களின் கண்ணில் படாமல் போவது. எட்டும் தூரத்தில் துப்பாக்கி. ஐந்தும் கூடினாலும் கொலை நடந்தே தீரும் என்றில்லை, ஒன்று குறைந்தாலும் நடப்பது கடினம் என்பது அவர் வாதம். சுட்டவர்கள் தனிமை விரும்பிகள் என்ற பேச்சையும் அவர் மறுக்கிறார். கூட்டத்தில் சேர மீண்டும் மீண்டும் முயன்று, கோமாளியாகவும் குறும்பனாகவும் வேடம் போட்டுப் பார்த்து, எதுவும் எடுபடாமல் போனவர்கள் அவர்கள்.

அந்த ஆண்மை நிபந்தனையைத் தனியே எடுத்துப் பார்த்தவர்கள் மைக்கேல் கிம்மல், மேத்யூ மாலர் இருவர். 1982 முதல் 2001 வரையிலான சம்பவங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெரும்பாலான பையன்களைப் பிறர் சீண்டிய வழி ஒன்றுதான்: நீ ஆணே இல்லை என்பது. கென்டக்கியின் ஹீத் பள்ளியில் சுட்ட 14 வயதுப் பையனைத் தன்பாலின ஈர்ப்புள்ளவன் என்று குறிப்புணர்த்தி அவன் பள்ளிப் பத்திரிகையிலேயே கிசுகிசு வந்திருந்தது. அதை அச்சுக்கு அனுப்பும்போது பெரியவர் எவரும் தடுக்கவில்லை.

ஆக, கேலி காரணங்களில் ஒன்று. வலுவான ஒன்று. ஆனால் தனியாக நின்று கொலை செய்ய வைக்கும் வலு அதற்கு இல்லை. இந்த இடைநிலை உண்மையைத்தான் நீதிமன்றத்தாலும் ஊராலும் எளிதில் கையாள முடிவதில்லை.

கூண்டில் நிற்பவன் ஒருவன்

குற்ற வழக்கு ஒரு மனிதனைப் பற்றியது. அவன் செய்தானா, என்ன மனநிலையில் செய்தான், என்ன தண்டனை என்பவையே அங்கே கேள்விகள். பள்ளி என்ன செய்தது, சீண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பது இவற்றுக்குத் துணையாகும் அளவுக்குத்தான் உள்ளே நுழையும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது தற்காப்பு. அது உடனடி ஆபத்தைக் கோருகிறது. மூன்றாண்டு அவமானத்துக்குப் பிறகு, ஒரு காலைப் பொழுதில், தன்னைத் தொட்டிராதவர்களையும் சேர்த்துச் சுட்டவனுக்கு அது பொருந்தாது. கணவனின் அடி உதை தாங்காத பெண்கள் கொலை செய்த வழக்குகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் நீண்டகால வதையின் விளைவை நிபுணர் சாட்சியமாக ஏற்கத் தொடங்கின. அந்த வாதத்தைச் சீண்டப்பட்ட மாணவனுக்கு நீட்டிப் பார்த்தது ஜோடி பிகோவின் ‘நைன்டீன் மினிட்ஸ்’ (2007) என்ற நாவல். நியூ ஹாம்ப்ஷயரின் கற்பனை ஊரொன்றில் நடக்கும் இத்தகைய வழக்குதான் அதன் கதை. அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் நூல்கள் தடைசெய்யப்படுவதைக் கணக்கெடுக்கும் பென் அமெரிக்கா அமைப்பின் 2023–24 கல்வியாண்டுப் பட்டியலில் அந்த நாவல் முதலிடத்தில் நின்றது. இந்த விவாதம் எங்கே நடக்க வேண்டுமோ அங்கிருந்தே அது அகற்றப்பட்டது.

இரண்டாவது வழி மனநோய். 1996 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக் என்ற சிற்றூரில் 14 வயது மாணவன் ஓர் ஆசிரியையையும் இரண்டு மாணவர்களையும் சுட்டுக் கொன்றான். வழக்கு வயது வந்தோர் நீதிமன்றத்துக்குப் போனது. உள்ளூரில் நடுநிலையான ஜூரி கிடைக்காது என்பதால் காஸ்கேட் மலைத்தொடருக்கு அப்பால் உள்ள சியாட்டிலில் நடந்தது. கேலிக்கு ஆளானவன், மனநிலை பிறழ்ந்தவன் என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. 1997இல் ஆயுள் தண்டனை.

அலாஸ்காவின் பெத்தெல் இன்னும் சிறிய ஊர். வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். 1997 பிப்ரவரியில் 16 வயது மாணவன் பள்ளி முதல்வரையும் ஒரு மாணவனையும் கொன்றான். சிறுவயதில் வளர்ப்பு இல்லங்களில் அல்லல்பட்டவன். பள்ளியில் தன்னைச் சீண்டுகிறார்கள் என்று புகார் சொன்னபோது கண்டுகொள்ளாமல் இரு என்பதே அவனுக்குக் கிடைத்த அறிவுரை. அன்று காலை ஏதோ நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க மாடியில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். அந்த வழக்கும் வெளியூருக்கு, ஆங்கரேஜ் நகருக்கு மாற்றப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பின் தண்டனை 198 ஆண்டு.

வழக்கை வெளியூருக்கு மாற்றுவது குற்றம் சாட்டப்பட்டவனின் உரிமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் விலையை ஊர் கொடுக்கிறது. பெத்தெலில் வாழும் யூபிக் பழங்குடிக் குடும்பத்துக்கு ஆங்கரேஜ் போய்வருவது விமானச் செலவு, வேலை இழப்பு. தங்கள் பிள்ளைகளைப் பற்றிய உண்மையைத் தங்களை அறியாத பன்னிரண்டு பேர் எடைபோடுவதைச் செய்தித்தாளில் படிக்கும் நிலைக்கு ஊரார் தள்ளப்பட்டார்கள்.

மூன்றாவது வழி குற்றத்தை ஒப்புக்கொள்வது. பெரும்பாலான வழக்குகள் இதில்தான் முடிகின்றன. ஹீத் பள்ளியில் 1997 டிசம்பர் 1 அன்று, வகுப்பு தொடங்கும் முன் கூடிய ஜெபக் குழுவின் மீது சுட்ட பையன் மூன்று மாணவிகளைக் கொன்றான். ஐந்து பேரைக் காயப்படுத்தினான். 1998 அக்டோபரில், மனநோயுள்ள நிலையில் குற்றவாளி என்ற பிரிவில் ஒப்புதல் அளித்தான். ஆயுள் தண்டனை, 25 ஆண்டுக்குப் பின் பரோல் கோரலாம். சாட்சிக்கூண்டில் யாரும் ஏறவில்லை.

அதனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் உரிமையியல் வழக்குத் தொடுத்தார்கள். சுட்டவனின் பெற்றோர், முன்கூட்டியே கேள்விப்பட்டும் சொல்லாத மாணவர்கள், ஆசிரியர்கள், பள்ளி நிர்வாகிகள், வீடியோ விளையாட்டு நிறுவனங்கள், திரைப்படத் தயாரிப்பாளர்கள் என்று அந்த வழக்குகள் விரிந்தன. பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையைவிட, யாராவது சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும் என்ற தவிப்பே அவற்றின் பின்னால் இருந்தது. விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிரான வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தள்ளுபடி செய்தது. சுட்டவன் மீது மட்டும் 4.2 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. சிறையில் இருக்கும் சிறுவனிடமிருந்து அதை யாராலும் வசூலிக்க முடியாது.

எந்த வயதுவரை சிறுவன்?

ஒரே செயலுக்கு நாடுகள் கொடுக்கும் விடை வயதைப் பொறுத்து அடியோடு மாறுகிறது.

ஆர்கன்சாவின் ஜோன்ஸ்பரோவில் 1998 மார்ச்சில் 11, 13 வயதுச் சிறுவர்கள் இருவர் நான்கு மாணவிகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றார்கள். வயது வந்தோராக விசாரிக்க அன்றைய மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. இருவரும் 21 வயதில் விடுதலையானார்கள். கலிபோர்னியாவில் நிலைமை தலைகீழ். 14 வயது முதலே சிலவகைக் கொலை வழக்குகளை வயது வந்தோர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் 21ஆம் முன்மொழிவை மக்கள் 2000 மார்ச்சில் வாக்களித்து ஏற்றார்கள். சாண்டீ சம்பவம் அதற்கு அடுத்த ஆண்டு.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் டேபர் என்ற விவசாய ஊர். 1999 ஏப்ரல் 28, கொலம்பைன் நடந்து எட்டே நாள். 14 வயதுப் பையன், சீண்டல் தாங்காமல் பள்ளியை விட்டு நின்றவன், துப்பாக்கியோடு திரும்பி வந்து 17 வயது மாணவன் ஒருவனைக் கொன்றான், இன்னொருவனைக் காயப்படுத்தினான். சிறார் நீதிமன்றமே அவனை விசாரித்தது. தண்டனை 3 ஆண்டுக் காவல், அதன்பின் நீண்டகாலக் கண்காணிப்பு. சிறார் குற்றவாளியின் பெயரை வெளியிடக் கூடாது என்ற கனடியச் சட்டத்தால் வழக்கு நடந்த காலம் முழுவதும் அவன் பெயர் அச்சில் வரவில்லை.

பின்லாந்தில் 2024 ஏப்ரலில் வான்டா நகரப் பள்ளியில் 12 வயதுச் சிறுவன் சக மாணவனைக் கொன்றான். மாணவிகள் இருவரைக் காயப்படுத்தினான். சீண்டலே காரணம் என்று காவல்துறையிடம் சொன்னான். அங்கே குற்றப் பொறுப்பு 15 வயதில்தான் தொடங்குகிறது. அதனால் வழக்கே இல்லை, குழந்தைகள் நலத்துறையிடம் ஒப்படைத்தார்கள். அர்ஜென்டினாவின் கார்மென் தெ பதகோனஸ் ஊரில் 2004இல் மூன்று சக மாணவர்களைக் கொன்ற 15 வயதுச் சிறுவனுக்கும் அந்நாட்டின் அன்றைய 16 வயது வரம்பால் தண்டனை விதிக்க முடியவில்லை.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. 2007 டிசம்பரில் டெல்லியை அடுத்த குர்கானில், தனியார் பள்ளி மாணவர்கள் இருவர் 14 வயது சக மாணவனைச் சுட்டுக் கொன்றார்கள். அவன் தங்களைச் சீண்டியதாக அவர்கள் சொன்னார்கள் என்பது காவல்துறையின் கூற்று. துப்பாக்கி ஒருவனுடைய தந்தையின் உரிமம் பெற்ற துப்பாக்கி. அன்றைய சிறார் நீதிச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்ட எவருக்கும் அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறப்பு இல்லவாசம்தான். 2015இல் வந்த புதிய சட்டம், கொடுங்குற்றம் புரிந்த 16 முதல் 18 வயதினரை வயது வந்தோராக விசாரிக்க வழி செய்தது. ஆனால் 16 வயதை எட்டாத குர்கான் மாணவர்களைப் போன்றவர்களுக்கு அதுவும் பொருந்தாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெல்ல மெல்ல வயதைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்றது 2005இல். பரோலே இல்லாத ஆயுள் தண்டனையைச் சிறார்களுக்குக் கட்டாயமாக விதிக்கக் கூடாது என்றது 2012இல். 2016இல் அதைப் பழைய வழக்குகளுக்கும் நீட்டியது. 2021இல் ஒரு படி பின்வாங்கி, சிறுவன் திருந்தவே முடியாதவன் என்று நீதிபதி தனியாகப் பதிவு செய்யத் தேவையில்லை என்றது. 2012, 2016 தீர்ப்புகளால் மோசஸ் லேக் வழக்கு 2017இல் மீண்டும் திறந்தது. இருபதாண்டுக்குப் பின் அவன் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டான். புதிய தண்டனை 189 ஆண்டு. எண் மாறியது, விளைவு மாறவில்லை.

ஒரே ஊர், பல ஊர்கள்

சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்; அப்படியானால் ஒரு பிள்ளையின் வேதனை எப்படித் தெரியாமல் போகும்? நியூமன் இதற்குத் தரும் விடை முக்கியமானது. நெருக்கமே செய்தியைத் தடுக்கிறது. அடுத்த வீட்டுப் பையனைப் பற்றிக் கெட்டதைச் சொன்னால் நாளை தேவாலயத்தில் அவன் அம்மாவின் முகத்தில் விழிக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் கண்டது அடுத்த வகுப்பு ஆசிரியருக்குப் போவதில்லை. மாணவர்களோ காட்டிக்கொடுப்பவன் என்ற பெயருக்கு அஞ்சுகிறார்கள். 2002 ஆய்வின்படி ஐந்தில் நான்கு சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டித் தெரிந்திருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் சக மாணவர்.

வழக்கு தொடங்கியதும் இதே ஊர் பிளவுபடுகிறது. கேலியைப் பற்றிப் பேசுவதே இறந்த பிள்ளைகளைக் குற்றம் சொல்வது என்று ஒரு தரப்பு கருதுகிறது. அதில் நியாயம் உண்டு. இறந்தவர்களில் பலர் சுட்டவனை ஒருநாளும் சீண்டாதவர்கள், சிலருக்கு அவனைத் தெரியவே தெரியாது. ஹீத்தில் இறந்தவர்கள் ஜெபத்துக்கு வந்த பெண்கள். இன்னொரு தரப்பு, எங்கள் பிள்ளையும் அதே நடைக்கூடத்தில் அடிபட்டவன்தான் என்று தாழ்ந்த குரலில் சொல்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியும் என்பதை ஏற்க வழக்குக் காலத்துச் சூழல் விடுவதில்லை.

மன்னிப்பும் ஊரைப் பிளக்கும். ஹீத்தில் சம்பவத்துக்கு மறுநாளே சுட்டவனை மன்னித்துவிட்டோம் என்று எழுதிய பலகையை மாணவர்கள் தொங்கவிட்டார்கள். உலகம் வியந்தது. காயம் ஆறுமுன்னே தங்கள் சார்பில் யாரோ மன்னித்துவிட்டதைப் பறிகொடுத்த வீட்டார் சிலர் பொறுக்கவில்லை. டேபரில் நடந்தது வேறு. அங்கே மன்னித்தவர் கொல்லப்பட்ட பையனின் தந்தை, ஊரின் ஆங்கிலிக்கன் பாதிரியார். மகன் விழுந்த பள்ளியிலேயே நின்று ஜெபித்தார், பிறகு பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மன்னிக்கும் உரிமை இழந்தவருக்குத்தான் உண்டு. அவர் கையிலெடுத்தால் ஊர் தலைவணங்கும். அவருக்கு முன்னால் வேறு யாரும் எடுக்கக் கூடாது.

ஆண்டுகள் போனாலும் இது தீர்வதில்லை. ஹீத் கைதியின் பரோல் மனு 2022 செப்டம்பரில் விசாரணைக்கு வந்தபோது அன்று காயம்பட்டவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். 14 வயதில் செய்ததற்கு 25 ஆண்டு போதும், சிகிச்சையோடு விடலாம் என்றார் ஒருவர். இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இன்னொருவர், அவனைச் சிறையில் நேரில் சந்தித்துப் பேசியிருந்தவர், விடக் கூடாது என்றார். இன்னும் குரல்கள் கேட்பதாக அவன் சொன்னதும் வாரியத்தின் முன் இருந்தது. ஆயுள் முழுவதும் சிறை என்று முடிவானது. சான்டானா கைதியின் பரோல் மனுவும் 2024இல் நிராகரிக்கப்பட்டது.

வழக்கின் தேவைகள் ஊரின் கட்டடங்களையும் விடுவதில்லை. புளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரியில் 17 பேர் இறந்த கட்டடம் சாட்சியப் பொருளாக அப்படியே நிறுத்தப்பட்டது. ஜூரி அதற்குள் நடந்து பார்த்தது. 2024இல்தான் அதை இடித்தார்கள். அதுவரை ஆறாண்டு, அதைக் கடந்துதான் மாணவர்கள் வகுப்புக்குப் போனார்கள். சுட்டவன் 19 வயதினன் என்பதால் மரண தண்டனை கோரப்பட்டது. ஜூரியில் ஒன்பது பேர் ஆதரித்தும் மூவர் மறுத்ததால் ஆயுள் தண்டனையானது. கொதித்த மாநிலம் 2023இல், பன்னிரண்டில் எட்டுப் பேர் ஆதரித்தாலே மரண தண்டனை விதிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது.

வீட்டிலிருந்து வந்த துப்பாக்கி

இதுவரை பார்த்த சம்பவங்கள் பலவற்றில் ஆயுதம் வீட்டிலிருந்தோ உறவினரிடமிருந்தோ வந்தது. 2002 ஆய்வும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அப்படித்தான் என்றது. நீதிமன்றங்கள் தாமதமாகவே அந்தப் பக்கம் திரும்பின. ஜெர்மனியின் வின்னென்டனில் 2009இல் 15 பேரைக் கொன்றவனின் தந்தை, துப்பாக்கியைப் பூட்டாமல் விட்டதற்காகக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தில் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

அமெரிக்காவில் திருப்பம் மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது. 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் நால்வரைக் கொன்றான். துப்பாக்கி சில நாட்களுக்கு முன் தந்தை வாங்கித் தந்தது. அன்று காலை அவன் வரைந்த ரத்தப் படங்களைப் பார்த்துப் பள்ளி பெற்றோரை அழைத்தது. அவர்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. பள்ளியும் பையைச் சோதிக்காமல் வகுப்புக்கு அனுப்பியது. அவனுக்குப் பரோலற்ற ஆயுள். 2024இல் தாயும் தந்தையும் தனித்தனி ஜூரிகளால் கொலைக்குச் சமமாகாத மனித உயிர்ப்பறிப்புக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு பெற்றார்கள்.

பொறுப்பின் வட்டம் ஒருவனிலிருந்து மூவருக்கு விரிந்திருக்கிறது. பள்ளி அப்போதும் வட்டத்துக்கு வெளியே நின்றது.

வழக்கு ஒன்று, விசாரணை இன்னொன்று

ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு இன்னொன்றையும் செய்தது. பெற்றோரும் மாணவர்களும் பள்ளி வாரியக் கூட்டங்களில் விடாமல் எழுந்து கேட்டதால், வெளியிலிருந்து வந்த புலனாய்வு நிறுவனமொன்று 500 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை 2023 அக்டோபரில் வெளியிட்டது. ஆபத்தை மதிப்பிடும் விதிகள் காகிதத்தில் இருந்தும் பள்ளி அவற்றைப் பின்பற்றவில்லை, தடுத்திருக்க முடியும் என்று அது சொன்னது. கொலம்பைனுக்குப் பின் மாநில ஆளுநரின் ஆணையம், பார்க்லாண்டுக்குப் பின் பொதுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவையும் இந்த வழியில் அமைந்தவைதான். தண்டிக்கும் அதிகாரம் இவற்றுக்குக் கிடையாது. அதனால்தான் குற்ற வழக்கு கேட்க முடியாததை இவற்றால் கேட்க முடிகிறது.

அப்படிக் கேட்டதிலிருந்து பிறந்தவைதான் பயன்தரும் ஏற்பாடுகள். பெயர் சொல்லாமல் தகவல் தரும் தொலைபேசி வழியைக் கொலராடோ கொலம்பைனுக்குப் பின் தொடங்கியது. வர்ஜீனியா 2013 முதல் அரசுப் பள்ளிகள் அனைத்திலும் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. ஆசிரியர், ஆலோசகர், காவலர் சேர்ந்த அக்குழு, மிரட்டிய மாணவனை உடனே வெளியே தள்ளாமல் அவன் வீட்டையும் வகுப்பையும் அலசுகிறது. நார்வேயில் 1982இல் சிறுவர்கள் மூவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு டான் ஓல்வேயஸ் தொடங்கிய திட்டமும், பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான கீவா திட்டமும் சீண்டுபவனோடு நிற்காமல் வேடிக்கை பார்க்கும் வகுப்பையும் பயிற்றுவிக்கின்றன. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இன்று சீண்டலுக்கு எதிரான சட்டம் உண்டு. 1999இல் ஜார்ஜியா தொடங்கியதை 2015இல் மொன்டானா முடித்துவைத்தது. சட்டமோ திட்டமோ வந்ததால் மட்டும் சீண்டல் போய்விடாது என்பதற்குக் கீவாவைப் பெற்ற பின்லாந்திலேயே வான்டா நடந்ததும் சாட்சி.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று முடிவுகள் தெளிவாக நிற்கின்றன. முதலாவது, சீண்டல் கொலையை விளக்க உதவும், மன்னிக்க உதவாது. அந்த விளக்கத்துக்கு உரிய இடம் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும் கட்டம். அங்கே சிறுவனின் வயதும் அவன் பட்டதும் முழு எடை பெற வேண்டும். 14 வயதுப் பையனுக்கு 189 ஆண்டு என்பது நீதி என்ற பெயரில் போடும் வெறும் எண். அவன் திருந்தியிருக்கிறானா என்று குறித்த காலத்துக்குப் பின் யாராவது திறந்த மனத்தோடு பார்க்க வேண்டும். ஆபத்து நீங்கவில்லை என்றால் மறுக்கவும் வேண்டும்.

இரண்டாவது, துப்பாக்கியைப் பிள்ளையின் கைக்கு எட்டவிட்ட பெரியவர் சட்டத்தின் முன் நின்றாக வேண்டும்.

மூன்றாவது, குற்ற வழக்கு எப்படி முடிந்தாலும், ஒப்புதலில் முடிந்தாலும், வெளியூரில் நடந்தாலும், சிறுவனின் வயதால் நடக்காமலே போனாலும், ஊர் தன் பள்ளியைத் தனியாக விசாரித்து அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிட வேண்டும். இறந்தவர்களைப் பழிக்காமல், சுட்டவனைத் தியாகியாக்காமல் அதைச் செய்ய முடியும். ஆக்ஸ்ஃபோர்டின் பெற்றோர் அதைச் செய்ய வைத்தார்கள். தண்டனை நீதிமன்றத்தின் வேலை. தன் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்று அறிவது ஊரின் வேலை. அதை எந்த நீதிபதியாலும் ஊருக்காகச் செய்து தர முடியாது.